முகத்துத் துணி

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரிவதில்லை. முன்பெல்லாம் கட்டிக்கொண்டு நிற்பார்கள், இல்லையென்றால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். இப்போது கையில் போன். வருகிறான், குனிகிறான், படம் எடுக்கிறான், வண்டி நிறுத்த இடமில்லை என்று புலம்புகிறான், போய்விடுகிறான். அப்படி வந்த மூன்றாவது ஆளின் மணிக்கட்டைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார் பெரியவர்.

"நீ யாரு?"

"கீழ் வீடு சார். குடியிருப்போர் சங்கச் செயலாளர்."

"படம் எதுக்கு?"

"குரூப்ல போடணும். எல்லாருக்கும் தெரியணும்ல."

"உயிரோட இருந்தப்ப ஒரு படம் எடுத்தியா?"

செயலாளர் நிஜமாகவே யோசித்தார். "தண்ணித் தொட்டி திறந்தப்ப எடுத்தேன். டீச்சர் ஓரமா நிப்பாங்க."

"அதப் போடு. ஓரமா நின்னாலும் நிக்கிறாள்ல."

ஆளை வெளியே தள்ளிவிட்டு வந்து மறுபடியும் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கட்டிலில் கிடந்தவள் அவருடைய ஒரே தங்கை. காலையில் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டாள். மடியில் கண்ணாடி, பக்கத்தில் ஆறிப்போன தேநீர். அடுத்த தெரு டாக்டர் வந்தார், குழாயை நெஞ்சில் வைத்தார், உதட்டைப் பிதுக்கினார், எழுதிக் கொடுத்தார். பெரியவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதுதான் அவருக்கு ஆறவில்லை. ஏனென்றால் முந்தைய நாள் சாயங்காலம் அவள் போன் செய்திருந்தாள்.

"அண்ணா, காலைல வா. ஒண்ணு சொல்லணும்."

"இப்பவே சொல்லேன். வாய்க்கென்ன."

"போன்ல சொன்னா நீ நம்ப மாட்டே. உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

"மூஞ்சியப் பாத்துச் சொன்னா மட்டும் நம்பிடுவேனா?"

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். மூச்சு மட்டும் கேட்டது. அவள் காசு தீரப்போகிறது என்று இவர்தான் வைத்தார்.

என்ன சொல்ல வந்தாள்? வந்ததிலிருந்து அது ஒன்றையே மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். மருமகனிடம், அதாவது அவள் மகனிடம், இரண்டு தடவை கேட்டாயிற்று. "எங்கிட்ட ஒண்ணும் சொல்லல மாமா" என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவன் மாதிரி இல்லை. ஆனால் பெரியவருக்கு எந்த முகத்தைப் பார்த்தாலும் முழுதாக நம்பிக்கை வருவதில்லை.

மருமகன் குளிர்பெட்டிக்குச் சொல்லப் போனபோது அதையும் தடுத்தார். நாற்பது வருஷம் ஐஸ் பேக்டரியில் பாளம் தூக்கியவர். குளிருக்குள் வைத்த எதுவும் வைத்தபடி திரும்பி வருவதில்லை என்பது அவர் கட்சி. அந்த வேலை அவர் விரல்களையும் தின்றுவிட்டிருந்தது. சூடு எது, குளிர் எது என்று விரல் நுனிக்குத் தெரியாது. வந்தவுடன் தங்கையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லிட்டிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு அது வெறும் பாதமாக இருந்தது. அவ்வளவுதான்.

வெயில் சாய ஆரம்பித்தபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு வகுப்பே வந்திருந்தது. ஒருத்தர் கண்ணிலும் ஈரம் இல்லை. வரிசையாக உள்ளே வந்து, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். நெட்டையான ஒரு பெண் மட்டும் நேராகக் கட்டிலுக்கு வந்தாள். பின்னாலிருந்து யாரோ பட்டப்பெயரைச் சொல்லி, "வக்கீல், மெதுவா" என்றார்கள். அவள் குனிந்து, டீச்சரின் வலது பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"மிஸ், தெரியுதா?"

அறையில் இருந்த பெண்களில் ஒருத்தி புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். வக்கீல் கையைக் கணுக்காலுக்கு நகர்த்தினாள். "இங்க தெரியுதா?" பிறகு கெண்டைக்கால். "இங்க?"

"ஏய், கைய எடு" என்றார் பெரியவர். "எந்தப் பள்ளிக்கூடத்துல இப்படிச் சொல்லிக் குடுத்தாங்க?"

"எங்க பள்ளிக்கூடத்துலதான் தாத்தா. மிஸ்தான் சொல்லிக் குடுத்தாங்க."

சொல்லிவிட்டு, பையிலிருந்து நைந்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்தாள். ஓரத்தில் சாக்பீஸ் தூசி ஒட்டியிருந்தது. மருமகனைப் பார்த்தாள். அழுது ஓய்ந்திருந்த அவன், எதற்கு என்றுகூடக் கேட்காமல் தலையாட்டினான். அவள் துணியை உதறி, டீச்சரின் முகத்தில் விரித்துவிட்டுப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகு ஒருத்தரும் அசையவில்லை. கும்பிடவில்லை, அழவில்லை, கிசுகிசுக்கவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் தெருமுனையைப் பார்ப்பார்களே, அப்படி.

பெரியவருக்குப் பிடரி கூசியது. எழுந்து போய் அந்தப் பெண்ணின் எதிரில் குந்தினார்.

"என்ன கூத்து இது?"

"பாடம் தாத்தா. பழைய கிரேக்கத் தத்துவம். வாரத்துக்கு ஒரு வகுப்பு."

அவருக்கு அது தெரியும். ஊரெல்லாம் சுற்றிக் கேள்வி கேட்டே எல்லோர் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டு, கடைசியில் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்ட ஒரு கிழவனின் கதை. பெயர் அவர் வாயில் நுழைந்ததில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பான்; அவன் கதையைச் சொல்லிக்கொடுக்க ஒரு சம்பளமா என்று தங்கையை எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறார். 'நீ அந்த ஊர்ல இருந்திருந்தா நீதான் கிண்ணத்தக் கலக்கியிருப்பே' என்பாள் அவள்.

"விஷம் குடிச்சப்புறம் அவருக்குக் கால்லேர்ந்து மரத்துக்கிட்டே வருமாம்" என்றாள் வக்கீல். "அழுத்தி அழுத்திக் கேப்பாங்க, தெரியுதான்னு. மிஸ் வருஷா வருஷம் இத நடத்திக் காட்டுவாங்க. பெஞ்சச் சேத்துப் போட்டு எங்கள்ல ஒருத்தர் படுப்போம். கடைசில மூஞ்ச மூடிடுவோம்."

"மூடினாத்தான் முடிஞ்சுதே."

"முடியல. அவர் மூஞ்சிய மூடியிருந்த துணிய அவரே எடுத்துட்டு ஒரு வார்த்த சொன்னாராம். அதனால மிஸ் ஒரு சட்டம் வச்சிருந்தாங்க. துணிய வேற யாரும் தொடக் கூடாது. படுத்தவங்களேதான் எடுக்கணும். எடுத்துட்டு, மனசுல இருக்கறதுல ஒண்ணு சொல்லணும். அதுவரைக்கும் வகுப்பு முடியாது. மணி அடிச்சாலும் முடியாது."

"இது வகுப்பு இல்ல. இவ செத்துட்டா."

"தெரியும் தாத்தா."

"தெரிஞ்சுமா உக்காந்திருக்கே?"

"தெரியும்னு சொன்னா, எப்படித் தெரியும்னு மிஸ் கேப்பாங்க."

இதுதான், இந்த நீட்டி முழக்கம்தான் அவருக்கு ஆகாது. எழுந்திருக்கப் போனார். அதற்குள் அவளே கேட்டாள். "நீங்கதான் மிஸ்ஸோட அண்ணனா?"

"ஏன்?"

"இந்த வருஷம் படுக்கறதுக்கு யாரும் முன்வரல. அதனால நேத்து மிஸ்ஸே படுத்தாங்க. இதே துணிதான். ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. மணி அடிச்சுது, அடுத்த சார் வந்து எட்டிப் பாத்துட்டுப் போனார். அப்புறம் எடுத்தாங்க. எடுத்துட்டு ஒண்ணும் சொல்லல."

"சட்டம் போட்டவளே மீறினாளா?"

"நாங்களும் அதத்தான் கேட்டோம். நாளைக்குச் சொல்றேன்னாங்க. மொதல்ல எங்கண்ணங்கிட்ட சொல்லணும்னாங்க."

பெரியவர் இன்னும் கிட்டே நகர்ந்தார். "மூஞ்சி எப்படி இருந்துது? பயந்த மாதிரியா?"

"இல்ல. உள்ள வேலையா இருக்கறப்ப வாசல்ல யாரோ கூப்பிட்டா எந்திரிச்சுப் போவோமே. அந்த மாதிரி."

அவர் கால்மாட்டுக்கே திரும்பி வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் பார்க்கும் இடத்தையே அவரும் பார்த்தார். கிறுக்குத்தனம் என்று ஒரு பக்கம் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. பார்ப்பதில் என்ன நஷ்டம் என்று இன்னொரு பக்கம். மூக்கு இருக்கும் இடத்தில் துணி கூராக எழும்பி, வாய் இருக்கும் இடத்தில் தாழ்ந்திருந்தது. அந்தத் தாழ்ந்த இடம் லேசாக உள்ளே போயிற்று.

"ஃபேன நிறுத்து" என்றார்.

யாரோ நிறுத்தினார்கள். புழுக்கம் தாங்காமல் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். பிள்ளைகள் போகவில்லை. விசிறியின் இறக்கைகள் சுற்றி ஓய்ந்தன. மறுபடியும் அந்த இடம், விரல் நுனி அளவுக்கு, உள்ளே போயிற்று. பிறகு மெல்ல மேலே வந்தது.

அவர் வக்கீலைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"காத்து."

"ஜன்னல் மூடியிருக்கு தாத்தா."

"இங்க வா. என் கை மரக்கட்டை, எனக்குத் தெரியாது. கால்ல ஜில்லுனு இருக்கா சொல்லு."

"அப்பவே பாத்தேன். கெண்டைக்கால் வரைக்கும் இருக்கு."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல நீங்க கைய எடுக்கச் சொல்லிட்டீங்க."

அந்த நேரம் பார்த்து மருமகன் உள்ளே வந்தான். "மாமா, வண்டி வந்துடுச்சு."

"இப்ப போகாது."

"எது?"

"இவதான். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"மாமா, டாக்டர் பாத்து எழுதிக் குடுத்தாச்சு."

"காலைல பாத்தான். மறுபடி ஒரு தடவ பாத்தா அவன் கொழாய் தேஞ்சா போயிடும்? கூப்பிடு. மூச்சு இருக்குடா. நான் பாத்தேன்."

மருமகனின் முகம் ஒரு கணம் வெளிச்சமாகி அணைந்தது. அதைப் பார்க்கப் பெரியவருக்கே பொறுக்கவில்லை. ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை.

டாக்டர் வந்தார். சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். மணிக்கட்டைப் பிடித்தார். "இல்லீங்க ஐயா. காலைலயே முடிஞ்சுடுச்சு. உடம்பு நல்லா விறைச்சாச்சு, பாருங்க."

"துணி ஆடுச்சே."

"சில நேரம் வயித்துல இருக்கற காத்து வெளிய வரும். இருங்க, கண்ணையும் பாத்துடறேன், உங்க மனசுக்கு."

டாக்டரின் கை துணியின் ஓரத்துக்குப் போயிற்று. சுவரோரம் இருந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். அதற்கு முன்பே பெரியவரின் கை டாக்டரின் கையைப் பிடித்திருந்தது. பாளம் தூக்கிய பிடி. டாக்டர் வலியில் பல்லைக் கடித்தார்.

"தொடாதீங்க."

"மாமா, விடுங்க. அவர் கை."

"எடுக்கறதா இருந்தா அவ எடுப்பா."

மருமகன் கிட்டே வந்து, பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். கோபப்படவில்லை. குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னான். "சரி, அவர் எடுக்க வேண்டாம். நீங்களே எடுத்துப் பாருங்க. அம்மா மூஞ்சியப் பாத்துட்டீங்கன்னா சந்தேகம் தீந்துடும்."

பெரியவர் கையை நீட்டினார். துணியிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் கை நின்றது. கீழேயிருந்து சூடு வருகிறதா, குளிர் வருகிறதா, அந்தக் கைக்குத் தெரியாது. பிறகு அதை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போங்க" என்றார். "துணியோட."

மின் தகனக் கூடத்தில் காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினான். "மூஞ்சியத் தெறந்து காட்டுவேன், கடைசியாப் பாத்துக்குங்க. அப்புறம் கேட்டா முடியாது." மருமகன் பெரியவரைப் பார்த்தான். பெரியவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். காக்கிச் சட்டைக்காரனுக்கு இது புதிதாக இருந்தது. "ஒருத்தருமா பாக்கல?" என்றான். கூடவே வந்திருந்த பிள்ளைகளில் வக்கீல் மட்டும் "பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம் அண்ணா" என்றாள்.

உடலைக் கிடத்திய தட்டு தண்டவாளத்தில் நகர்ந்தது. பெரியவர் அதன் கூடவே நடந்தார். இரும்புக் கதவுவரை நடந்தார், துணியைவிட்டுக் கண்ணை எடுக்காமல். வாசலில் தட்டு ஒரு தரம் குலுங்கி நின்றது. "சில சமயம் மாட்டும்" என்றான் காக்கிச் சட்டைக்காரன். அந்த நிற்றலில் பெரியவர் குனிந்து, துணிக்கு வெகு அருகில் வாயைக் கொண்டுபோய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "சொல்லு, நம்பறேன்" என்றார்.

தட்டு உள்ளே போயிற்று. கதவு இறங்கியது. மோட்டார் முனகத் தொடங்கியது.

வெளியே பிள்ளைகள் கலையாமல் நின்றார்கள். வக்கீல் அவரிடம் வந்தாள். "என்ன சொல்ல வந்தாங்கன்னு உங்களுக்கு எதாச்சும் தோணுதா தாத்தா?"

"தோணல. தோணினாலும் உங்கிட்ட சொல்ல மாட்டேன்."

"அப்ப வகுப்பு முடியல."

"வீட்டுக்குப் போங்க. உங்களப் பெத்தவங்க தேடுவாங்க. பேய்க் கூட்டம்."

மருமகன் காரைத் திருப்பிக்கொண்டு வந்து கதவைத் திறந்தான். பெரியவர் ஏறவில்லை. நடந்து வருகிறேன் என்றார். தூரம் மாமா என்றான். தூரம்தான் என்றார். டாக்டர் சொன்னதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளைகள் சொன்னதிலும் இல்லை. கண்ணால் பார்த்ததையாவது நம்பலாம் என்றால், இந்த வயசில் கண்ணுக்கு என்ன உத்தரவாதம்? எல்லாம் கிறுக்குத்தனம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

நீண்ட மதிலை ஒட்டிய தெரு அது. வண்டிகள் உரசிக்கொண்டு போயின. பெரியவர் மதிலோரமாக நடக்காமல் ஓர் ஆள் அகலம் தள்ளி, வண்டிகள் பக்கமாகவே நடந்தார். வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார். எதிரே வந்த ஒருவன் அவருக்கும் மதிலுக்கும் நடுவில் நுழையப் பார்த்தான். அவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"இந்தப் பக்கமாப் போப்பா" என்று தெருவைக் காட்டினார்.