பேச்சுவார்த்தை இல்லாத அக்கா

விசாரணை அறையை விட்டு வெளியே வந்ததிலிருந்து மெக்கானிக்கின் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தண்ணீர்க் குழாய் வரைக்கும் போனார், குடிக்காமலே திரும்பினார். ராணுவ வயர்லெஸ் கருவிகளைப் பழுது பார்க்கும் பட்டறை அது. வெளிக்கூடத்துக்கு வெறும் கூடும் கம்பியும்தான் வரும். கருவியின் மூளையைத் திறப்பது உள்ளறையில். அங்கே போகப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். இவருடைய அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம் இது. கிடைக்காவிட்டால் கிடங்கில் உட்கார்ந்து திருகாணி எண்ண வேண்டியதுதான்.

விசாரித்த அதிகாரியம்மா மரியாதையாகத்தான் கேட்டார். வெளிநாட்டில் கூடப்பிறந்தவர் யாராவது? ஓர் அக்கா. தொடர்பு எப்படி? "பேச்சுவார்த்தையே இல்லீங்க மேடம்" என்று பட்டென்று சொல்லிவிட்டார். பொய்யில்லை. அக்கா அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியதைத் தம்பியிடம் மூச்சுவிடவில்லை. தூரத்து உறவுக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அவளுக்கு முகம் கொடுப்பதில்லை.

ஆனால் சாயங்காலம் வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே அடுப்படியிலிருந்து அக்காவின் இருமல் கேட்டது. ஒற்றைச் செருப்போடே உள்ளே எட்டிப் பார்த்தார்.

போன் ஒரு டப்பாவில் சாய்ந்து நின்றது. மனைவி இங்கே காய் நறுக்க, அக்கா அங்கே பாத்திரம் தேய்க்க, பாதி நேரம் இருவரும் பேசுவதுகூட இல்லை. ஒருவருக்கொருவர் துணைக்கு வீடியோ மட்டும் ஓடும். தினமும் இப்படித்தான். மின்விசிறிச் சத்தம்போல அது இவருக்குப் பழகிப்போயிருந்தது. பட்டறை எரிச்சலை மனைவியிடம் கொட்டுவதும் இதே அடுப்படியில்தான். எதையெல்லாம் கொட்டினோம்? மேலாளரின் கஞ்சத்தனம், உள்ளறையின் புழுக்கம். கருவியைப் பற்றி ஒன்றுமில்லை. இல்லைதானே?

மனைவியைக் கூடத்துக்கு இழுத்துப்போய், அத்தான் இப்போது என்ன வேலை பார்க்கிறார் என்று கிசுகிசுத்தார்.

"அதை என்கிட்ட ஏன் கேக்குறீங்க? உங்கக்கா அங்கதான் நிக்கிறாங்க."

போனுக்கு எதிரில் போய் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அக்கா குழாயை மூடினாள்.

"பரவாயில்லையே, நான் உயிரோட இருக்கும்போதே பேசிட்ட."

அத்தான் அந்த நாட்டு அரசாங்கத்தின் கடலோரக் காவல் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறாராம். இவர் தலையில் கை வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அக்காவின் கிண்டல் அடங்கிவிட்டது.

"உன் வேலைக்கு வில்லங்கம் வரும்னுதான்டா குடியுரிமை விஷயத்தையே உன்கிட்ட சொல்லல. இனிமே நான் கூப்பிடவும் மாட்டேன். ஒட்டுமில்ல உறவுமில்லன்னு சொல்லிடு."

திரை அணைந்தது. மனைவி வெங்காயத்தை நறுக்காமல் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அதிகாரியம்மாவின் அறை திறக்குமுன்பே வாசலில் நின்றார். தினமும் ஓடும் வீடியோ, அதன் எதிரில் தாம் பேசியவை, அத்தானின் அலுவலகம், அக்கா மறைத்த காரணம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அக்கா வெளிநாட்டில் இருப்பது குற்றமில்லை என்றார் அதிகாரியம்மா. அவளை வைத்து உங்களை யாராவது மடக்க முடியுமா என்பதைத்தான் பார்ப்பார்களாம். முடிவு மேலிடத்தில். அதுவரை உள்ளறை கிடையாது.

"தொடர்பை நிறுத்திடணுமா மேடம்?"

"நான் அப்படிச் சொல்லல. ஆனா இது வேற யார் மூலமாவது எனக்குத் தெரிஞ்சிருந்தா, மறைச்சீங்கன்னுதான் எழுதியிருப்பேன்."

மெக்கானிக் தம் உள்ளறை அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அன்று முழுக்க வெளிக்கூடத்தில் அவர் திருகிய கூடுகளை இரண்டு முறை பிரித்துத் திருக வேண்டியிருந்தது. உள்ளே போகிறவர்கள் இவரைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்கள்.

வீட்டில் அடுப்படி சத்தமில்லாமல் கிடந்தது. உட்கார்ந்தார், எழுந்தார். பிறகு தம் போனிலிருந்தே அக்காவுக்கு அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார்.

"என்னடா, தூக்கிட்டாங்களா?" என்றாள் எடுத்ததும்.

"இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றவர், அங்கே மழையா என்று கேட்டார்.