காதுக்குள் ஒரு தம்புரா

மெட்ரோ வேலைக்காகத் தெருமுனையில் தகரத் தடுப்பு வைத்துப் பூமிக்குள் எதையோ இறக்கிக்கொண்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஜன்னல் கம்பி, அடுப்பு மேடை, பூஜை அலமாரியின் வெள்ளிக் கிண்ணம் என்று மயிலாப்பூரில் அந்த வீட்டில் நடுங்காத பொருளே இருக்காது. சாருலதா சாதகம் பண்ணுவதும் அதே ஆறு மணிக்குத்தான். அவள் ஷட்ஜத்தைப் பிடித்து நின்றால், அதற்கு அரை ஸ்வரம் கீழே அந்த இயந்திரமும் பிடித்துக்கொண்டு நிற்கும். மூச்சு அதற்குத்தான் அதிகம்.

"ஒண்ணு அது போகணும், இல்லேன்னா நான் போகணும்" என்று அவள் தினமும் புலம்பியதைக் கேட்டுக் காது புளித்த கணவன் கிரீஷ், ஒரு சனிக்கிழமை தி. நகருக்குப் போய் இயர்போன் ஒன்றை வாங்கி வந்தான். வயர் கிடையாது. வெளிச் சத்தத்தை உள்ளே விடாமல் தானே அமுக்கிவிடும் சாதி. காதுக்கு ஒன்று என்று இரண்டு பாதாம்பருப்பு அளவில், தோல் நிறத்தில் இருந்தது.

போட்டுக்கொண்டாள். இயந்திரம் போய்விட்டது. மின்விசிறி போய்விட்டது. ஃபிரிட்ஜ் என்று ஒன்று இத்தனை வருஷமாக உறுமிக்கொண்டிருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. செல்போனில் சுருதி ஆப்பை ஐந்து கட்டைக்கு வைத்தாள். தலைக்குள்ளேயே யாரோ தம்புரா மீட்டினார்கள். ஒரு மணி நேரம் பாடிவிட்டு, எழுந்திருக்க மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

தொல்லை, கழற்றும்போது வந்தது. முன்னே பொறுத்துக்கொண்ட சத்தமெல்லாம் இப்போது பொறுக்க முடியவில்லை. கிரீஷ் அப்பளம் கடித்தால் எழுந்து போகத் தோன்றியது. பக்கத்து வீட்டுக் குக்கர் நாலாவது விசில் அடிக்குமா மாட்டாதா என்று காத்திருந்தே அரை நாள் போயிற்று. சமைக்கும்போது போட்டுக்கொண்டாள். லஸ்ஸுக்குக் காய் வாங்கப் போகும்போது போட்டுக்கொண்டாள். எட்டு மாதத்தில், குளிக்கிற நேரமும் தூங்குகிற நேரமும் தவிர, அது காதிலேயே குடியிருந்தது.

வீட்டு வேலைக்கு வரும் ரத்னா ஒரு நாள் வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டாள். "இன்னாம்மா, கால் மணி நேரமா பெல் அடிச்சிக்கினு கீறேன். கீழ் வூட்டு ஆயா எட்டிப் பாத்துச்சு, எதிர் வூட்டு நாய் எட்டிப் பாத்துச்சு, நீ மட்டும் வர்ல."

சாருலதா சிரித்து மழுப்பினாள். சிரிக்க முடியாத காரியம் ஜூன் மாதம் ஆதம்பாக்கத்துக் கோயில் மண்டபக் கச்சேரியில் நடந்தது. மேடையில் இயர்போன் போட முடியாதே. பாதிப் பாட்டில் யாரோ பந்தியில் வாளியை வைத்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான், சரணத்தின் அடுத்த வரி காணாமல் போய்விட்டது. இடப்பக்கம் வயலின் வாசித்துக்கொண்டிருந்த சூடாமணி மாமி, ஏதோ தானே ஆசைப்பட்டு வாசிப்பதுபோல அந்த வரியை இரண்டு தடவை வாசித்து அவளிடம் எடுத்துக் கொடுத்தாள். சபையில் ஒருவருக்கும் தெரியாது.

சூடாமணி பதினோரு வருஷமாக அவளுக்குப் பக்கவாத்தியம். ஐம்பத்தெட்டு வயது. கணவர் படுத்த படுக்கையாகி ஆறு வருஷம். அந்த வீடு ஓடுவது அந்த வில்லில்தான். மூன்று பஸ் மாறி வருவாள், பத்து நிமிஷம் முன்னதாக வருவாள், கச்சேரி முடிந்ததும் "நன்னா இருந்தது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புவாள்.

ஆகஸ்டில் ஆழ்வார்பேட்டை சபாவில் மூன்று நாள் விழா. விழா என்பது பெயருக்கு. உண்மையில் அது பரீட்சை. செயலாளர் சந்திரமௌலி முதல் வரிசையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து, மார்கழிப் பட்டியலில் யாரை எந்த நேரத்தில் போடுவது என்று முடிவு செய்வார். சாருலதாவுக்கு ஏழு வருஷமாகப் பகல் பன்னிரண்டு மணிதான். பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரி என்றால் ஏசிக்காக வந்தவர்கள், கேன்டீன் இலை போடக் காத்திருப்பவர்கள், பாடுகிறவளின் அத்தை. இந்த மூன்று ஜாதிக்குத்தான் பாட வேண்டும். இப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. இன்னும் இரண்டு வருஷம் பன்னிரண்டு மணியில் உட்கார்ந்தால் அப்புறம் அந்த நாற்காலியிலேயே ஆணி அடித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"இந்தத் தடவை உன்னை நானே உக்காந்து கேக்கறேன் சாரு" என்று சந்திரமௌலி போனில் சொல்லியிருந்தார். "சுருதி சுத்தமா இருந்தா நாலு மணி உனக்கு. என் காதுக்கு மட்டும் பதில் சொல்லு."

அன்றைக்கு மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் சாருலதாவும் சூடாமணியும் தம்புராவை ஒழுங்காகச் சுருதி சேர்த்தார்கள். அதை மீட்டப்போகிறவள் சாருலதாவின் மாணவி அனன்யா. மைக் கீச்சிட்டது. யாரோ இரும்பு நாற்காலிகளை இழுத்தார்கள். சாருலதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி தண்ணீர் குடித்தாள். ஆதம்பாக்கத்து வாளி தலைக்குள் கணீர் கணீர் என்று விழுந்துகொண்டே இருந்தது.

பாத்ரூமுக்குப் போகிறேன் என்று போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆப்பின் சுருதியைத் தம்புராவோடு ஒத்துப்போகும்படி வைத்து, போனை இடுப்பில் செருகி, இரண்டு காதிலும் இயர்போனைப் போட்டாள். முடியைத் தளர்த்திக் காது மறையக் கொண்டை போட்டு, இரண்டு பக்கமும் பூவை இறக்கிக் குத்தினாள். வர்ணம் முடிகிற வரைக்கும்தான், படபடப்பு அடங்கியதும் எடுத்துவிடலாம் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள். கண்ணாடி நம்பியிருக்காது.

வர்ணம் பிரமாதமாக அமைந்தது. எடுக்கவில்லை. இரண்டாவது பாட்டும் அமைந்தது. இனிமேல் எதற்கு எடுப்பது?

அந்தக் கருவிக்கு ஒரு குணம். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மாதிரி வருகிற ஒலி எதுவானாலும் அதற்கு இரைச்சல்தான். மின்விசிறியும் ஒன்றுதான், மேடையில் மீட்டுகிற தம்புராவும் ஒன்றுதான். பின்னால் அனன்யா மீட்டுவது சாருலதாவுக்குக் கேட்கவே இல்லை. அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை, காதுக்குள்தான் ஒரு தம்புரா இருக்கிறதே. ஆனால் உள்ளே இருந்த தம்புராவுக்குக் குளிர் கிடையாது. வெளியே இருந்ததற்கு உண்டு. அந்த மேடையின் ஏசியில் தந்திகள் இறுகி, தம்புரா ஒரு நூல், அப்புறம் இன்னொரு நூல் என்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. எந்த மேடையிலும் நடப்பதுதான். பாட்டுக்குப் பாட்டு சூடாமணி வயலினை அதோடு சேர்த்துக்கொண்டாள், மிருதங்கம் வாசித்த ஸ்ரீகிருஷ்ணாவும் கல்லால் தட்டிச் சேர்த்துக்கொண்டான். பாடுகிறவள் மட்டும் புறப்பட்ட இடத்திலேயே நின்றாள்.

நாலாவது பாட்டில் சாருலதாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. வயலின் ஏறி ஒலித்தது. மாமிக்கு என்ன ஆயிற்று இன்றைக்கு? ஒவ்வொரு தடவை சூடாமணி பதில் வாசிக்கும்போதும் பல் கூசிற்று. முன்வரிசையில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். சந்திரமௌலியின் பென்சில் நோட்டுக்கு மேலே நின்றது. போச்சு, எல்லாம் போச்சு, என் ஏழு வருஷத்தை இவள் கெடுக்கப் போகிறாள் என்று சாருலதா நினைத்தாள்.

பெரிய பாட்டு கல்யாணி ராகத்தில். ஆலாபனையைத் தொடங்கும் முன் அவள் இடப்பக்கம் திரும்பி, ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். காதை அடைத்துக்கொண்டவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிசு என்று தெரியாது. மைக் அதை வாங்கி மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கொண்டு போயிற்று.

"மாமி, சுருதி கொஞ்சம் பாருங்கோ. ரொம்ப ஏறியிருக்கு."

மேடையில் பக்கவாத்தியக்காரரை அப்படிச் சொல்கிற வழக்கமே கிடையாது. அடித்தாலும் அடிக்கலாம், அதைச் சொல்லக் கூடாது. மண்டபத்தில் தலைகள் திரும்பின. சூடாமணி ஒரு வினாடி சாருலதாவையே பார்த்தாள். பிறகு, தப்பு தன்னுடையதுதான் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, வயலினின் முறுக்காணியைக் கீழே இறக்கினாள். பின்பக்கம் சாய்ந்து அனன்யாவிடம் என்னவோ சொன்னாள். மாமியின் முகத்தைப் பார்த்த ஸ்ரீகிருஷ்ணாவும் கல்லை எடுத்தான்.

அதன் பிறகு கல்யாணி ஆறாக ஓடியது. மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் யாரோ ஒருவர் எழுந்தே நின்று கை தட்டினார். வயலினைச் சரிசெய்த பிறகு கச்சேரி எப்படிக் களை கட்டிவிட்டது பார்த்தீர்களா என்று முதல் வரிசை தனக்குள் பேசிக்கொண்டது.

திரை விழுந்ததும் சூடாமணி வயலினைப் பெட்டியில் வைத்தாள். வழக்கமான அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. "கேன்டீன்ல இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சாருலதா பின்னறைக்கு வந்து இயர்போன்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கச்சேரி சந்தோஷம் இன்னும் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது. தம்புராவுக்கு உறை போட வந்த அனன்யா தயங்கி நின்றாள்.

"அக்கா, கல்யாணிலேர்ந்து மாமி என்னை மீட்டவே வேண்டாம்னுட்டா. விரலைத் தந்தியில படாம சும்மா ஆட்டுன்னா. ஏன்க்கா, நான் தப்பா மீட்டினேனா?"

சாருலதாவுக்குப் புரியவில்லை. "மீட்டு, பார்ப்போம்" என்றாள்.

அனன்யா நாலு தந்தியையும் மீட்டினாள். சாருலதா இத்தனை நேரம் பாடிய ஷட்ஜத்தை வாய் திறக்காமல் முனகினாள். அது தம்புராவுக்குக் கீழே, நன்றாகக் கீழே, அசிங்கமாக உட்கார்ந்திருந்தது. இன்னொரு தடவை முனகிப் பார்த்தாள். காது சிவந்து கழுத்து வரைக்கும் சுட்டது.

"மாமி வேற ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலைக்கா. கச்சேரி முழுக்க உங்க காதையே பாத்துண்டிருந்தா. பூ நழுவறதோன்னு நெனச்சேன்."

மாமிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தலையை ஆட்டி, ஆணியை இறக்கி, தம்புராவின் வாயை அடைத்து, மேடை மொத்தத்தையும் சாருலதா நின்ற இடத்துக்கு இறக்கிக் கொண்டுவந்திருக்கிறாள். ஓடிப்போய்க் காலில் விழலாமா என்று சாருலதா கிளம்பியபோது, சபா ஊழியர் வந்து செயலாளர் கூப்பிடுகிறார் என்றார்.

சந்திரமௌலியின் அறையில் ஃபைல்களுக்கு நடுவே மேஜை எங்கோ இருந்தது. "உக்காரு" என்றார். அவள் எதிரிலேயே நோட்டைத் திறந்து, டிசம்பர் இருபத்து மூன்று, மாலை நாலு மணி என்று இருந்த கட்டத்தில் பென்சிலால் சாருலதா என்று எழுதினார். அவள் தன் பெயரைத் தலைகீழாகப் படித்தாள். தலைகீழாகவும் அழகாகத்தான் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு" என்றார். "வயலினை மாத்திடு. சூடாமணிக்குக் காது போயிடுத்து. நீ சொல்லலைன்னா இன்னிக்குக் கச்சேரியையே கவுத்திருப்பா. தைரியமா மேடையிலேயே சொன்னே பாரு, அது எனக்குப் பிடிச்சது. மார்கழியில அவளுக்கு எட்டு கச்சேரி வெச்சிருந்தேன், எடுத்துடறேன். நாளைக்கும் அவதான் வாசிக்கறதா இருந்தது. இப்பவே மாத்தச் சொல்லிடறேன்."

போனை எடுத்து எண்ணைத் தட்டினார்.

சாருலதா மேஜையைப் பார்த்தாள். பட்டியல் அச்சாகி வந்த பிறகு இவரிடம் தனியாகச் சொல்லலாம். மாமிக்கு வேறு சபாவில் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம். மாமியே மறைத்ததை நாம் ஏன் கிளற வேண்டும்? எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டிருந்த நேரத்துக்குள் இத்தனையும் நினைத்துவிட்டாள். அதற்காக அவளை யாரும் ஏச வேண்டாம். ஏழு வருஷம் பகல் பன்னிரண்டு மணிக்குப் பாடிப் பார்த்துவிட்டு வந்து ஏசட்டும்.

"ஹலோ" என்றார் சந்திரமௌலி. "நாளைக்கு சூடாமணி இருக்கா இல்லையா, அவளை..."

"மாமா, போனை வைங்கோ."

கையிலிருந்த இரண்டையும் நோட்டின் மேல் வைத்தாள். அவர் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது என்ன?"

"இதைப் போட்டுண்டுதான் பாடினேன். வர்ணத்துலேர்ந்து. மேடைத் தம்புரா எனக்குக் கேக்கவே இல்லை."

"அப்போ ஏறினது வயலின் இல்லையா?"

"இல்லை மாமா. எல்லாரும் சுருதியிலதான் இருந்தா. நான்தான் விட்டேன். மாமி பாத்துட்டு எனக்காக எறங்கி வந்தா. காது போனது அவளுக்கு இல்லை, எனக்குத்தான்."

சந்திரமௌலி ஓர் இயர்போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். போனில் யாரோ ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணுமில்லை" என்று அதில் சொன்னார். "நாளைக்குச் சூடாமணியே வாசிக்கட்டும்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை, பதிலுக்கு அழவாவது அழலாம். அவர் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. நோட்டின் மேலிருந்த இரண்டையும் அவள் பக்கமாக நகர்த்திவிட்டுப் பென்சிலை எடுத்தார். நாலு மணிக் கட்டத்தில் இருந்த பெயரின் மேல் கோடு இழுத்தார். பக்கத்தைத் திருப்பிப் பன்னிரண்டு மணிக் கட்டங்களைத் தேடி, அங்கே எப்போதோ எழுதி வைத்திருந்த அவள் பெயரின் மேலும் இன்னொரு கோடு இழுத்தார்.

கூடத்தில் நாற்காலி மடிக்கிறார்கள், கேன்டீனில் தட்டு அடுக்குகிறார்கள், தெருவில் பஸ் ஹாரன் அடிக்கிறது. அத்தனைக்கும் நடுவே பென்சில் காகிதத்தில் உராய்ந்த சத்தம், முதல் தடவையும் இரண்டாவது தடவையும், சாருலதாவுக்கு ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் கேட்டது.