எண்ணெய்ப் புகைக்கு ஒரு பாட்டில்

ஓய்வு பெற்ற பிறகு சூப்பர்வைசருக்கு மேற்பார்வை பார்க்க மிச்சமிருந்தது மனைவியும் அவள் ஓட்டும் பள்ளி வேனும்தான். மனைவியை மேற்பார்வை பார்ப்பது நடக்கிற காரியமில்லை என்பது கல்யாணமான முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆகவே வேன் மாட்டிக்கொண்டது.

அந்தப் பழைய டீசல் வேன்தான் வீட்டுக்குச் சோறு போட்டது. அவள்தான் பார்த்து வாங்கினாள், அவள்தான் ஓட்டினாள். பெற்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகளை ஏற்றிவிட்டார்கள். அந்த நம்பிக்கை போய்விட்டால் வேன் வெறும் தகரம் என்பது அவளுக்குத் தெரியும். சூப்பர்வைசருக்கும் தெரியும், ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிய விஷயங்கள் நிறையத் தெரியும்.

ஒரு காலையில் அவர் இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். விரல் கறுப்பாக, வழுவழுவென்று வந்தது. அதை அப்படியே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தலை வாரிக்கொண்டிருந்த மனைவி முன்னால் போய் நின்றார்.

"காத்து போற குழாயில எண்ணெய்க்கு என்ன வேலை?"

"தம்பிகிட்ட கேளுங்க. விரலைச் செவுத்துல துடைக்காதீங்க."

அவள் தம்பி மெக்கானிக். எந்த வண்டியில் எந்தச் சத்தம் கேட்டாலும் 'அதெல்லாம் அப்படித்தான் இருக்கும்' என்பதே அவன் வைத்தியம். பட்டறையில் டீ குடித்தபடி அன்றும் அதையே சொன்னான்.

"இன்ஜின் அடிவயித்துல சூடாகிற எண்ணெய் புகையா கிளம்பும் மாமா. அதை வெளிய விடாம, ஒரு குழாய் வழியா காத்தோட சேர்த்து இன்ஜினுக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. அது போற வழியில கொஞ்சம் பிசுபிசுன்னுதான் இருக்கும். பழைய வண்டி, விடுங்க."

விடுவதாவது. பிஸ்கட் கம்பெனியில் உடைந்த பிஸ்கட்டைக்கூட விடாதவர் அவர். அன்று முழுக்க செல்போனில் வீடியோ பார்த்தார். எவனோ ஒருவன் இன்ஜினை அறுத்து உள்ளே அப்பியிருந்த கரியைச் சுரண்டிக் காட்டி, எல்லாம் இந்த எண்ணெய்ப் புகையின் திருவிளையாடல் என்றான். மச்சான் பதினைந்து வருஷம் கையழுக்கில் கற்றதைவிட, முகம் தெரியாத அவன் சொன்னது சூப்பர்வைசருக்கு வேதவாக்காகப் பட்டது.

சமையலறையிலிருந்து கண்ணாடி பாட்டில் ஒன்று காணாமல் போனது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் கூடவே போனது. பாட்டில் மூடியில் இரண்டு துளை போட்டார். இன்ஜினிலிருந்து வரும் புகை ஒரு துளை வழியாக உள்ளே வந்து, கம்பி நாரில் எண்ணெயை இறக்கி வைத்துவிட்டு, இன்னொரு துளை வழியாக நல்ல பிள்ளையாகக் காற்றுக் குழாய்க்குப் போகவேண்டும். அந்த வேனில் இன்ஜின் முன்சீட்டுகளுக்கு நடுவே ஒரு மூடிக்குக் கீழே இருந்ததால், பாட்டிலை மூடிக்குப் பக்கத்தில், தான் உட்காரும் இடத்தில் கண்ணுக்கு நேராகக் கட்டினார். அன்றிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தினமும் வண்டியில் ஏறினார். பார்த்துக்கொண்டது பாட்டிலை.

சும்மா சொல்லக்கூடாது, யோசனை தப்பில்லை. ஒரு வாரத்தில் பாட்டிலின் அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ சேர்ந்தது. அதை அவர் பட்டறைக்கே கொண்டுபோய்க் காட்டினார்.

"இந்த ஒரு ஸ்பூனுக்கா மாமா இவ்வளவு பாடு?" என்றான் மச்சான். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இந்த இடத்தில்தான் அவருடைய கம்பெனி மூளை வேலை செய்தது. பாட்டிலில் எண்ணெய் சேர்ந்தால் இன்ஜினில் அவ்வளவு குறைந்திருக்கும் அல்லவா? குறைந்ததை ஈடுகட்ட வேண்டாமா? ஒவ்வொரு மாலையும் பாட்டிலைக் கொட்டிவிட்டு, கொட்டிய அளவுக்குப் புது எண்ணெயை இன்ஜினில் ஊற்றினார். தாராள மனசுக்காரர் என்பதால் ஒரு டம்ளர் கூடவே ஊற்றினார். இன்ஜினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அளவுக் கம்பியை உருவிப் பார்க்கத் தோன்றவில்லை. கணக்கு சரியாக இருக்கும்போது சரக்கை எதற்குப் பார்ப்பது என்பது அவர் பழக்கம்.

பாட்டிலில் சேர்ந்ததில் முக்கால்வாசி, புகையோடு வந்த நீராவி குளிர்ந்த வெறும் தண்ணீர் என்பது அவருக்குத் தெரியாது. தண்ணீர் வெளியே போக, எண்ணெய் உள்ளே போக, இன்ஜினின் வயிறு நாளுக்கு நாள் உப்பியது. எண்ணெய் மட்டம் ஏறியதால் புகையும் ஏறியது, புகை ஏறியதால் பாட்டில் சீக்கிரம் நிறைந்தது. அவர் இன்னும் ஊற்றினார். நோயை உண்டாக்கி வளர்த்து அதற்கு வைத்தியமும் பார்த்து, இப்படி ஒரு டாக்டர் கிடைக்க அந்த வேன் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"வண்டி ஒரு மாதிரி இழுக்குதுங்க. புகையும் ஜாஸ்தியா வருது," என்றாள் மனைவி.

"விஷமெல்லாம் வெளிய வருது. அப்படித்தான் இருக்கும்," என்றார் அவர். மச்சானின் வசனத்தைத் திருடியது அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் பள்ளி விட்டுத் திரும்பும்போது, வண்டி நிறைய பிள்ளைகளோடு மேம்பாலம் ஏறியது. பாதி ஏற்றத்தில் பாட்டில் கழுத்துவரை நிறைந்தது. அதற்குமேல் இடமில்லாத எண்ணெய், போகக்கூடாத அந்தக் காற்றுக் குழாய் வழியாகவே இன்ஜினுக்குள் போனது. டீசல் இன்ஜினுக்கு எண்ணெய் என்ன, டீசல் என்ன, எரிந்தால் சரி. வண்டி திடீரென்று அலறியது. அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள், அலறல் கூடியது. கிளட்சை மிதித்தாள், இன்னும் வெறிபிடித்துக் கத்தியது. பின்னால் சாலையே தெரியாமல் வெள்ளைப் புகை. பிள்ளைகள் வீரிட்டார்கள்.

"சாவியைத் திருப்பு, சாவியைத் திருப்பு," என்று கத்தினார் சூப்பர்வைசர்.

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். சாவி அவள் கையில் இருந்தது.

பிறகு பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, கடைசி கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தாள். வேன் ஒரு உலுக்கு உலுக்கி, திணறி, நின்றது. எல்லாப் பிள்ளைகளையும் அவளே இறக்கிப் பாலத்தின் ஓரத்தில் நிற்கவைத்து, ஒவ்வொருவர் தலையாகத் தொட்டு எண்ணினாள். இரண்டு முறை எண்ணினாள். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

பெற்றவர்கள் பதறிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மச்சானும் வந்தான். அளவுக் கம்பியை உருவினான். குறியைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது எண்ணெய்.

"யாரு அக்கா இவ்வளவு ஊத்துனது?"

அவள் விழித்தாள். கூட்டத்திலிருந்து ஒரு தகப்பன், "வண்டியை ஒழுங்கா பாக்க முடியலைன்னா சொல்லிடணும்மா. நாங்க வேற வண்டி பாத்துக்கிறோம்," என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

சூப்பர்வைசரின் வாயில் பதில்கள் வரிசையாக வந்து நின்றன. எண்ணெய் மட்ட ரகம், மச்சான் சரியாகச் சொல்லவில்லை, வண்டி பழசு. வேலை பார்த்த காலம் முழுக்க அவரைக் காப்பாற்றியவை அவை. அவள் முகத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் விழுங்கினார்.

"நான்தான் ஊத்தினேன். அவளுக்கு எதுவும் தெரியாது. பாட்டில் கட்டினதும் நான்தான்."

பிறகு ஒரு தாய், "அப்போ இவர் இனிமே வண்டிப் பக்கமே வரக்கூடாது. அதுக்குச் சம்மதம்னா எங்க பிள்ளைங்க உங்ககூடவே வரட்டும்," என்றாள்.

"வரமாட்டார்," என்றாள் மனைவி. ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாள்.

ஊர் வாயை அடைக்கச் சொல்லியிருப்பாள் என்று வீடு வரும்வரை தன்னைத் தேற்றிக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும் மெதுவாக ஆரம்பித்தார்.

"அவங்க முன்னாடி அப்படித்தான் சொல்லியாகணும். புரியுது. ஒரு வாரம் போகட்டும், அப்புறம் நான் பின்னாடி சீட்டுல உக்காந்துக்கிறேன்."

"வேண்டாம்."

"அதான் ஒத்துக்கிட்டேனே. அத்தனை பேர் முன்னாடி ஒத்துக்கிட்டேனே."

"ஒத்துக்கிட்டீங்க. இல்லைன்னு சொல்லல," என்றாள் அவள், தட்டை எடுத்தபடி. கோபமில்லை அந்தக் குரலில். அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "பாலத்துல வண்டி கத்தின உடனே நான் திரும்பிப் பாத்தேன். பசங்க ஒருத்தரை ஒருத்தர் புடிச்சிக்கிட்டு அழுதாங்க. உங்களைப் பாத்தேன். நீங்க பாட்டிலைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. நெறஞ்சிடுச்சுன்னு உங்க மொகத்துல ஒரு சந்தோஷம்."

இல்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். கண்முன் வந்து நின்றது நிறைந்த பாட்டில்தான்.