இந்தக் கடை மூடப்பட்டுவிட்டது

என் அக்காவின் கடையை நான் இழுத்து மூடிய அன்று, அவள் உள்ளேதான் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

கடை என்றால் ஷட்டர் போட்ட கடை இல்லை. கூடத்தில் ஒரு தையல் மெஷின், இணையத்தில் ஒரு பக்கம். சக்கர நாற்காலியின் கைப்பிடியில் மாட்டுகிற பைகளைத் தைத்து விற்கிறாள். விபத்துக்குப் பிறகு அத்தானுக்கு நாற்காலிதான் கால். ஒவ்வொரு பையையும் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஒரு சுற்று வந்து, "ஜிப் இடிக்குது" என்று குறை சொல்வது அவர் உத்தியோகம்.

என் உத்தியோகம் ஒரு ஸ்டார்ட்அப்பில். இணையக் கடைகளில் கண்ணில் படுவதையெல்லாம் எங்கள் தளத்தில் சேமித்து வைக்கலாம், நண்பர்களுக்குக் காட்டலாம். வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. ஆசைப்பட்டு அடுக்கி வைப்பதே பாதிப் பேருக்குப் போதும். சில சமயம் சேமித்த பொருளை விற்ற கடையே காணாமல் போய்விடும். அதைக் கண்டுபிடித்து, "இந்தக் கடை மூடப்பட்டுவிட்டது. அதே போன்றது இதோ" என்று வேறு கடைக்கு அனுப்பும் கருவியை எழுதியவன் நான். வாசகமும் நானே. பொறுமையில்லாதவன் எழுதிய கருவிக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? பக்கம் திறக்கக் கொஞ்சம் தாமதமானாலும் கடை செத்துவிட்டது என்று அது முடிவுகட்டியது.

அக்காவின் பக்கம் ஆமை. ஒவ்வொரு படமும் யானைக் கனம். அந்தப் படங்களை எடுத்துக் கொடுத்த மேதையும் நானே.

முதலில் அவளுக்கு அனுதாபச் செய்திகள் வந்தன. "கடையை மூடிட்டீங்களாமே, கஷ்டமா இருக்கு." பிறகு அதுவும் நின்றது, ஆர்டரும் நின்றது. வெட்டிய துணி கூடத்து நாற்காலிகளில் குவிந்து, வந்தவர் உட்கார இடமில்லை.

"எனக்கென்ன, நான் சொந்த நாற்காலியோட வந்தவன்" என்றார் அத்தான். அக்கா சிரிக்கவில்லை.

விஷயம் புரிந்ததும் கருவிக்குத் திருத்தம் எழுதிக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன். மூச்சுக்கு மூச்சு "விஷன்" என்பதால் அலுவலகத்தில் அவர் பெயரே விஷன். அறிவிப்பு வாசகங்களை மட்டும் நான் யாரையும் கேட்காமல் மாற்றலாம். அவற்றை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. மற்ற எதற்கும் அவர் தலையசைக்க வேண்டும்.

"நல்லாக் கண்டுபிடிச்சீங்க. ஆனா டேட்டா பேசட்டும்."

"பேசிடுச்சு சார். கடை திறந்துதான் இருக்கு."

"கொஞ்சம் அப்சர்வ் பண்ணுவோமே."

அப்சர்வ் பண்ணினோம். ஆட்களை நாங்கள் திருப்பிவிட்ட கடைகள் எல்லாம் எங்களுக்குக் கமிஷன் தரும் பெரிய கடைகள். சுவர்த் திரையில் வருமானத்தின் பச்சைக் கோடு ஏறியது, கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. கிரீம் நன்றாக இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

மறுபடி போய் நின்றேன். இந்த முறை அக்காவைச் சொல்லிக் கொஞ்சம் கத்தினேன். விஷன் எழுந்து வந்து தோளில் கை போட்டார்.

"நாம ஒரே குடும்பம். உங்க அக்கா கடைக்கு மட்டும் விலக்கு போட்டுடுங்க."

அன்று மாலையே பழம் வாங்கிக்கொண்டு நல்ல செய்தி சொல்லப் போனேன்.

"எனக்கு மட்டுமா?" என்றாள் அக்கா.

"இப்போதைக்கு உனக்கு மட்டும்க்கா."

"காது மிஷினுக்கு உறை பின்னி விக்கிறாளே ஒருத்தி, எங்கிட்ட போன்ல பேசுவாளே. அவ கடையும் மூடிட்டதாத்தான் உங்க சைட்ல வருதாம். அழுறா. அவ தம்பி உங்க ஆபீஸ்ல இல்லையே, அவ எங்கடா போவா?"

கத்தரிக்கோலை மேசையில் போட்டாள். அத்தான் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் உருட்டினார்.

"தெரியாம நடக்குதா, உன் மொதலாளி தெரிஞ்சே நடத்துறானா? அதைக் கேட்டுட்டு வா. தெரிஞ்சேன்னா, அந்தச் சம்பளத்துல வாங்கின எதையும் இந்த வாசப்படி ஏத்தாத."

"வாங்கிட்டு வந்த பழம்?" என்றார் அத்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு ஜிப்பைத் தீவிரமாக ஆராயத் தொடங்கினார்.

மறுநாள் விஷனின் அறையில், உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தேன். மடியில் லேப்டாப், திரை அவருக்குத் தெரியாது. அறிவிப்புப் பெட்டியில் புது வாசகம் அடித்து வைத்திருந்தேன்: "இந்தக் கடை திறந்தேதான் இருக்கிறது. மூடியதாகப் பொய் சொன்னது நாங்கள்." பொத்தானை அழுத்தினால் பழைய வாசகம் வந்த இடமெல்லாம் இது வரும். உண்மையிலேயே மூடிய சில கடைகளும் இதில் உயிர்பெற்று எழும். எழட்டும்.

"சார், திறந்திருக்கிற கடைங்களை மூடிட்டதாச் சொல்லிட்டிருக்கோம். நிறுத்துவீங்களா, மாட்டீங்களா?"

"இதை நாம பெரிய விஷன்ல பார்க்கணும்..."

"நிறுத்துவீங்களா, மாட்டீங்களா?"

"அதான் உங்க அக்காவுக்கு விலக்கு குடுத்தாச்சே."

"எங்க அக்காவைப் பத்திக் கேக்கல. நிறுத்துவீங்களா?"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தலைகள் திரும்பின. விஷன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். முகத்திலிருந்து புன்னகை கழன்றது.

"மாட்டேன். முதல் நாள்லேருந்து தெரிஞ்சேதான் விட்டிருக்கேன். அந்தச் சின்னக் கடைங்களால நமக்கு ஒரு பைசா கிடையாது. போதுமா?"

"போதும் சார்" என்று பொத்தானை அழுத்தினேன்.