சரக்கைப் பார்க்காத கையெழுத்து

தடதடவென்று மூட்டைகள் சரிந்த சத்தம் கேட்டு, முற்றத்தில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். குடோனுக்குள் ஒரே தூசி. நடுவில் ஹரிஷ் இருமிக்கொண்டு நின்றான்.

"மேல விழுந்துச்சா?" சுவேதா கத்தினாள்.

"விழுந்துச்சு. வலிக்கல. அதான் பிரச்சினையே. முப்பது கிலோ மூட்டை தலையில விழுந்தா வலிக்கணும் இல்ல?"

கிழிந்த மூட்டைக்குள் சுவேதா கையை விட்டாள். மேலே ஒரு சாண் வாளைக் கருவாடு. அதற்குக் கீழே சவுக்குச் சருகு. அடுத்த மூட்டையைப் பிரித்தாள். அதிலும் சருகு. முன்னால் இருந்த இரண்டு வரிசையில் மட்டும்தான் கருவாடு. பின்னால் சுவர்வரை அடுக்கியிருந்த ஒன்பது வரிசையும் சவுக்குத் தோப்பில் வாரியது.

கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது சுவேதாவின் கருவாட்டுக் கம்பெனி. அப்பா போன பிறகு நான்கு வருஷமாக அவள்தான் டைரக்டர். பாக்கெட் போட்ட கருவாடு சென்னைக் கடைகளுக்குப் போகிறது. பதினான்கு பெண்களுக்கு வேலை. குடோன் சாவி மட்டும் பொன்னுரங்கம் மாமாவிடம். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

ஹரிஷ் அவளோடு பி.காம். படித்தவன். சின்னக் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்வது தொழில். "லாபம்னு காட்டுது, கையில காசு நிக்கல, ஏன்னு பாருடா" என்று அவள்தான் கூப்பிட்டிருந்தாள். வந்த அரை மணி நேரத்தில் காரணம் அவன் தலையிலேயே விழுந்துவிட்டது.

டீ குடிக்கப் போன மாமா திரும்பி வரவில்லை. போனை அணைத்து வைத்திருந்தார்.

"சரக்கைக் காட்டித்தான் லோன் வாங்கியிருக்கேன். திங்கக்கிழமை பேங்க்ல இருந்து சரக்கு பாக்க வராங்கடா. பதினெட்டு லட்சத்துக்கு இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். நான்தான் ஏமாத்துனேன்னு சொல்லி ஷெட்டைப் பூட்டிடுவாங்க."

"உங்க ஆடிட்டரும்தானே கையெழுத்துப் போட்டிருக்காரு?"

"நாலு வருஷமா."

"அப்ப அவரைப் போயிக் கேளு. நான் கன்சல்டன்ட், சுவேதா. நாளைக்கு என்ன பண்ணலாம்னு சொல்றவன். நீ கேக்கலாம், கேக்காமலும் இருக்கலாம். ஆனா நீ இருக்குன்னு சொல்ற சரக்கு நெஜமாவே இருக்கான்னு வந்து பாக்க வேண்டியது அவரு. மார்ச் கடைசியில எண்ணிப் பாக்க யாரு வந்தாங்க?"

யாரும் வந்ததில்லை. சிதம்பரத்தில் இருக்கும் ஆடிட்டரிடமிருந்து ஒரு போன் வரும். மாமா ஒரு தொகையைச் சொல்வார். அதுதான் சரக்குக் கணக்கு.

"நீயாவது எண்ணுனியா?"

"மாமாவைப் போயி எப்படிடா சந்தேகப்படுறது?"

ஹரிஷ் தலையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டான்.

சிதம்பரம் பஸ்ஸில் அம்மா முத்தம்மாளும் ஏறிக்கொண்டாள். சுவேதா கூப்பிடவில்லை. முத்தம்மாள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். புதுச்சத்திரம் தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தாள்.

"திரும்பிடலாம்டி. வூட்டு விஷயம். உம் மாமன் வந்தா நான் கேக்குறேன்."

"மாமாவை நான் அப்பால பாத்துக்கறேன். மொதல்ல இவரு."

"அவரு பெரிய மனுஷன். வாய்க்கு வந்ததைப் பேசாத."

"பேசத்தான்மா போறேன்."

மேல வீதியில் மாடியில் ஆபீஸ். ஆடிட்டர் நடனசபாபதிக்கு அறுபது வயது இருக்கும். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாம்மா சுவேதா. வேன் வாங்கற விஷயமா? இந்த வருஷம் வேணாம், தைக்கு அப்புறம் எடு. வட்டி குறையும்."

சுவேதா கையோடு கொண்டு வந்திருந்த பையைக் கவிழ்த்தாள். மேஜையில் இருந்த கோப்புகள் மேல் சருகு கொட்டியது.

"என்னம்மா இது?"

"நீங்க கையெழுத்துப் போட்ட பதினெட்டு லட்சத்துல ஒரு பிடி."

பக்கத்து அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. நடனசபாபதி ஒரு சருகை எடுத்துப் பார்த்தார். அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"நிர்வாகம் கொடுத்த விவரப்படின்னு ரிப்போர்ட்ல தெளிவா எழுதியிருக்கேனே."

"எந்தப் பக்கத்துல?"

"ஆறாம் பக்கம்."

"அதை என்னைக்காச்சும் படிக்கக் குடுத்தீங்களா? பென்சில்ல இன்ட்டு போட்டிருக்கேன், அங்கங்க கையெழுத்துப் போடும்மான்னீங்க. போட்டுட்டு, ஸ்வீட் பாக்ஸ் குடுத்துட்டு பஸ் ஏறிட்டேன்."

"கோவத்துல பேசாத. உனக்கு நான் எவ்வளவு செஞ்சிருக்கேன்?"

"செஞ்சீங்க சார். லோன் எங்க வாங்கறது, வேன் எப்ப வாங்கறது, எல்லாத்துக்கும் யோசனை சொன்னீங்க. எனக்கு வந்த மாப்பிள்ளையைப் பத்திக்கூட யோசனை சொன்னீங்க. யோசனைக்கு நான் ஹரிஷுக்குத் தனியாக் காசு குடுக்கறேன். உங்களுக்குக் குடுத்தது ஒரே ஒரு வேலைக்கு. வந்து பாக்கறதுக்கு. அதை மட்டும் செய்யல."

"நீயும்தானே உன் மாமனை நம்புன?"

"நம்புனேன். நான் நம்புவேன் சார், நான் சொந்தக்காரி. நீங்க நம்பக் கூடாது. அதுக்குத்தானே வெளியாள் ஒருத்தரை வெச்சுப் பாக்கச் சொல்றாங்க?"

"பாப்பா, போதும்டி" என்று முத்தம்மாள் அவள் கையைப் பிடித்தாள். சுவேதா உதறினாள்.

"நீ சும்மா இரும்மா. முதுநகர் என்ன அமெரிக்காவுலயா இருக்கு? ஒன்றரை மணி நேர பஸ். ஏன் வரலன்னு எனக்குத் தெரியும். கருவாட்டு வாடை. எங்க வாடை ஆகாது, எங்க ஃபீஸ் மட்டும் மணக்குதா சார்?"

நடனசபாபதியின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், முத்தம்மாளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"என்ன வேணும் உனக்கு?" என்றார் கடைசியில்.

"ஒரு லெட்டர். பேங்க் மேனேஜருக்கு. நாலு வருஷமா நான் சரக்கைப் பாக்கல, போன்ல கேட்டு எழுதுனேன்னு. அது இல்லாம நான் போயி உண்மையைச் சொன்னா, மாட்டுனதும் கதை விடறான்னுதான் நெனப்பாங்க. என் ஒருத்தி தலையில விடியட்டும்னு விட மாட்டேன் சார். பதினாலு பேரு சோறு இருக்கு."

"இப்படி எழுதிக் கொடுத்தா என் லைசென்ஸே போகலாம்மா. தெரியுமா?"

"தெரியும். என் ஷெட்டும் போவும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க, எது ஜாஸ்தின்னு."

மின்விசிறி சுற்றியதில் சருகு ஒவ்வொன்றாக மேஜையிலிருந்து தரையில் விழுந்தது. நடனசபாபதி நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு லெட்டர்ஹெட்டை இழுத்து, பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். நான்கு வருஷம். நான்கு மார்ச் மாதம். நேரில் பார்க்கவில்லை. எழுதி முடித்துக் கையெழுத்துப் போடப் போனார்.

"இருங்க" என்றாள் சுவேதா. "ஏன் பாக்கலன்னும் எழுதுங்க."

"அது வேணாம்மா."

"வேணும். வாடைன்னு எழுதுங்க. நாலு பேரு படிக்கட்டும்."

பேனா காகிதத்தின் மேல் நின்றது.

"நான் எழுத மாட்டேன்."

"ஏன், வெக்கமா இருக்கா? எங்க குடோன் வாசல்ல ஒரு நாளாவது வந்து நின்னிருப்பீங்களா சார்?"

முத்தம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வந்தாருடி. மொத வருஷமே வந்தாரு. உள்ளாற போவாதீங்கய்யா, எந்தம்பி மாட்டிக்குவான்னு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்புனது நான்தான்."