கள்ள மீட்டர்

எழுபதைக் கடந்த பெண்களுக்கான உயரம் தாண்டும் போட்டிக்குத் தச்சரின் மனைவியைத் தவிர வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை. முதல் உயரத்தை அவள் தாண்டிய கையோடு நடுவர் பதக்கத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவள் அதைக் கையால் தடுத்து, "கம்ப ஒரு மீட்டருக்கு ஏத்துங்க தம்பி" என்றாள்.

"அதான் ஜெயிச்சிட்டீங்களேம்மா! எதிர்ல ஆளே இல்லையே."

"அதோ நிக்குதே" என்று கம்பைக் காட்டினாள்.

வெளியே நின்ற தச்சர் எல்லைக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார். வார்டு வார்டாக நடந்தே நர்ஸ் உத்தியோகத்தைக் கழித்த கால்கள் அவளுடையவை. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா கிடக்க மாட்டேன் என்றன. அவர்தான் கொல்லையில் இரண்டு மரத்தூண்களை இழைத்து நட்டு, ஒவ்வோர் உயரத்துக்கும் துளையிட்டு, கம்பைத் தாங்க முளையும் செதுக்கிக் கொடுத்தார். போன மழைக்காலத்தில் படியில் வழுக்கி இடுப்பில் அடிபட்டுப் படுத்தவள், எழுந்ததும் நேரே அந்தத் தூண்களிடம்தான் போனாள். இன்னொரு தரம் விழுந்தால் தாங்காது என்று மகள் அழுதாள். சொன்னால் கேட்கிற ஆளா? மனைவி வெளியே போயிருந்த நேரம் பார்த்துத் தச்சர் ஒரு மீட்டர் துளைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தார். இரண்டு விரற்கடை கீழே புதுத் துளை போட்டு, மெருகும் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து கொல்லையில் இருந்தது கள்ள மீட்டர். அசல் மீட்டரை, விழுந்து எழுந்த பிறகு, அவள் பார்த்ததே இல்லை.

"சார், நீங்க சொல்லுங்க. ஏத்தட்டுமா?" என்று தச்சரிடம் கேட்டார் நடுவர்.

தச்சர் கயிற்றுக்குள் நுழைந்து மனைவியின் அருகே குனிந்தார். "வேணாம்மா. வீட்டுல இருக்கிறது... நான் கொஞ்சம் எறக்கி வெச்சிருக்கேன்."

"ரெண்டு வெரக்கட." அவள் ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டே சொன்னாள். "அடைச்ச எடம் நெறம் மாறிப் பல்ல இளிக்குது. பெரிய தச்சுவேல!"

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"உங்களுக்கும் தூக்கம் வரணும்ல? கம்புக்கு மேல அந்த ரெண்டு வெரலையும் விட்டுத்தான் தெனமும் தாண்டினேன். நீங்கதான் நான் ஓடி வந்தாலே கண்ண மூடிக்குவீங்களே, எங்க பாத்தீங்க?"

தச்சர் நிமிர்ந்தார். "ஏத்துங்க சார்" என்றார். பக்கத்தில் மணல்குழியைச் சீவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவர் குரல் எழும்பியிருந்தது. "எங்க வீட்டம்மா தாண்டுவா!"

கம்பு ஏறியது. அவள் பின்வாங்கிப் போய் நின்றாள். இடுப்பை ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டாள். பிறகு பக்கவாட்டில் வளைந்து ஓடி வந்தாள். தச்சர் கண்ணை மூடவில்லை. நரைத்த பின்னல் தோளைவிட்டு மேலெழுந்தது. முதல் கால் கம்பைக் கடந்தது. அடுத்த கால் கத்தரிபோல் மடிந்து ஏறிய அந்த நொடியில், அவர் தம்மையறியாமல் தமது வலது காலைத் தூக்கி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று, மைதானத்தின் நடுவே ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்.