கதவில்லாத வீட்டில் கேட்ட கேள்வி

கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எண்கள் அழகாக வந்துவிட்டால் அவற்றின் மேல் காதல் கொண்டுவிடுவார்கள். றிகாஸும் அதற்கு விலக்கல்ல.

அரசாங்க மகப்பேற்று ஆஸ்பத்திரி ஒன்றில், வெள்ளைக்காரன் காலத்து வார்டொன்றைப் பலகையால் மறித்துச் செய்த அறையில் அவனுக்கு வேலை. டொக்டர் ரூபிகா நடத்தும் ஆய்வின் எண்களெல்லாம் அவன் கையில். வயிற்றில் தங்கிய கரு முதல் மூன்று மாதத்துக்குள் கலைந்துபோவது எங்கே அதிகம் என்பதுதான் ஆய்வு. ஒரு பக்கம் வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகள். மறுபக்கம் கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி ஒழுங்கைகளின் ஒற்றை அறை வீடுகள். எங்கே அதிகமோ அங்கே இலவச கிளினிக் ஒன்று திறப்பதாக மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

"கரு தங்கி நாலு கிழமைக்குள்ள மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் உரிய குழாய் மூடிப்போடும், றிகாஸ். இதயமும் துடிக்கத் தொடங்கியிடும். தாய்க்குச் சந்தேகமே வந்திராது. அதுக்குள்ள இவ்வளவு வேலை!" என்பார் ரூபிகா. கருவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அவருடைய சோறு ஆறிப்போகும். கேட்கிறவனுடைய சோறும்தான்.

வீடு வீடாகப் போய்த்தான் கேட்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவரும் அவரே. "அந்தப் பிள்ளைகளை ஏன் ஆஸ்பத்திரி வாசலில காய வைக்கோணும்? நாங்கள் போவம்." அப்படியே போனார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, மாமியார்மாரை "அம்மா" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கேட்டார். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த டொக்டரம்மா இவ்வளவு இறங்கி வருவாரா என்று ஒழுங்கைகளே வாய்பிளந்தன.

கேள்விகளை ஒத்திகை பார்த்தது கொட்டாஞ்சேனையில் றிகாஸின் வீட்டில். அவன் உம்மா வட்டிலாப்ப இனிப்புச் செய்து வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்களை வரவேற்பதுபோல் நடுவில் உட்கார்ந்திருந்தார். இதற்கு முன் ஏதும் கலைந்ததா என்ற கேள்விக்கு, றிகாஸின் மனைவி பஹ்மா தலையைக் குனிந்து, "இல்ல டொக்டர்" என்றாள். றிகாஸ் மடிக்கணினியில் சைபர் என்று தட்டினான்.

ஒரு வருடத்துக்கு மேல் அலைந்து கிடைத்த முடிவு எல்லோரையும் அசத்திவிட்டது. வெள்ளவத்தையில்தான் இழப்பு அதிகம். கொட்டாஞ்சேனைப் பக்கம் அதில் பாதிகூட இல்லை. பிந்திய கல்யாணம், வேலைக்களைப்பு என்று றிகாஸ் காரணங்களையும் அடுக்கி வைத்துவிட்டான். திங்கட்கிழமை கூட்டத்தில் புரொபெசர் சிவபாதசுந்தரம் பார்த்து ஒப்புக்கொண்டால் கட்டுரை வெளியாகும். ஆய்வுக் கட்டுரை ஒன்றில் அவன் பெயர் அச்சாவது அதுதான் முதல் தடவை. உம்மா அதைத் தெருவுக்கே சொல்லி முடித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரூபிகா வேர்த்து விறுவிறுத்து வந்தார். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"றிகாஸ், நாங்கள் பிழை விட்டிட்டம்."

கொட்டாஞ்சேனையில் றோஸி என்றொரு பெண். வீட்டில் கேட்டபோது "ஒண்டும் இல்ல மிஸ்" என்றவள், ரூபிகா பஸ்ஸுக்கு நிற்கும்போது பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள். 'மூணு போச்சு மிஸ். வீட்டுல எப்பிடிச் சொல்றது? மாமி பக்கத்துல இருந்தாங்க. கட்டிலுக்கு அங்கால மாமா. சொன்னா, ராசியில்லாதவள்னு என்னத்தான் ஏசுவாங்க.'

"வெள்ளவத்தையில கேட்கேக்க பொம்பிளையள் அறைக் கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னவை. இங்க சாத்த ஒரு கதவு இல்லை. மரியாதை எண்டு நினைச்சு மாமியையும் கூப்பிட்டு இருத்தினது நான். எனக்குப் பிறந்ததிலிருந்து தனி அறை. இந்த யோசனையே வரேல்ல," என்றார் ரூபிகா. "கட்டுரையை நிப்பாட்டுறன். முதலிலயிருந்து கேட்கோணும்."

றிகாஸுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு பொம்புள ரோட்டுல சொன்னதுக்காகவா டொக்டர்?"

"ஓம். கிளினிக் பிழையான இடத்துக்குப் போனால் றோஸி நாலாவதையும் இழப்பாள்."

அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றுக்கு முன்னால் ரூபிகாவைத் தாளித்துக் கொட்டினான். உம்மா கூடவே சேர்ந்துகொண்டார். "படிச்ச திமிர், மகன்." பஹ்மா மட்டும் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் காலை, சட்டைத்துணி எடுக்க வேண்டும் என்று அவனைப் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வண்டில்காரர் கத்த, திறீவீலர்கள் கத்த, பக்கத்தில் நிற்பவர் சொல்வதே கேட்காத நெரிசல். துணிக்கடையைத் தாண்டியும் பஹ்மா நடந்துகொண்டேயிருந்தாள். பிறகு அவன் சட்டைக்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒங்கட டொக்டர் சென்னது சரி. அண்டைக்கு நானும் பொய்தான் சென்ன."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை.

"நம்மட கல்யாணம் முடிஞ்ச அடுத்த நோன்புக்கு முந்தி. வயித்துல தங்கி ரெண்டு மாசம்கூட ஆகல்ல. குளிக்கிற அறையில தனிய ஈக்கக்குள்ள கலஞ்சி போச்சி. ஒங்களுக்குச் செல்ல நெனச்ச. எந்த நேரமும் உம்மா பக்கத்துல ஈந்தாங்க. தட்டிக்கு அங்கால மூச்சு உட்டாலும் கேட்கும். அப்புறம் செல்லி என்னத்துக்கு எண்டு உட்டுட்டன்."

ஒரு வண்டில்காரர் "மல்லி, அய்ங் வெண்ட!" என்று வழிவிடச் சொல்லிச் சிங்களத்தில் அதட்டினார். றிகாஸுக்கு விலகக்கூடத் தோன்றவில்லை. தன் பக்கத்தில் படுத்திருந்தவள் இதைத் தனியே சுமந்துகொண்டு, அவன் எண்களை மெச்சிப் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, அவளை நினைக்கப் பெருமையாகவும் இருந்தது.

"இத கூட்டத்துல செல்லலாமா?" என்று கேட்டான்.

"செல்லுங்க. அந்த கிளினிக் நம்மட பக்கம்தான் வரோணும். உம்மாட காதுக்குப் போனாலும் பரவால்ல. அவங்களுக்கும் ஒரு நாள் தெரிய வேணும்தானே."

திங்கட்கிழமை ரூபிகா எழுந்து நின்று, தன்மேல்தான் பிழை என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். குரலில் நடுக்கமில்லை. மாதக்கணக்கில் வெயிலில் நடந்து சேர்த்ததைத் தன் கையாலேயே குப்பையில் போடுகிற ஒருவரை றிகாஸ் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தான். அந்தத் துணிச்சலுக்கு எழுந்து சலாம் போடலாம் என்றிருந்தது.

புரொபெசர் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் ஆதாரம் கேட்பது அவர் தொழில்.

"பிள்ளை, பஸ் ஹோல்டில ஒருத்தி சொன்னதை வைச்சு முழு ஆய்வையும் தூக்கி எறியேலாது. ஓராள் சொன்னது ஆதாரமோ? கட்டுரை அச்சுக்குப் போகட்டும்."

ரூபிகா பதில் சொல்ல வாயெடுக்குமுன் றிகாஸ் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது.

"ஓராள் இல்ல, சேர். ரெண்டு பேர்."

"மற்றது ஆர்?"

"எங்கட வீட்டுல. டொக்டர் கேட்டாங்க, பொண்டாட்டி ஒண்டும் கலையல்லயெண்டு சென்னாங்க, நான்தான் சைபர் போட்டன்." சரிந்த நாற்காலியை நிமிர்த்தி அதன் முதுகைப் பிடித்துக்கொண்டான். "கலைஞ்ச அந்தப் புள்ளைக்கு வாப்பாவும் நான்தான், சேர்."